செங்குத்தான வாசலில் ஆட்டோமேட்டிக் கார்: காலையில் கியர் இறுகிக்கொள்கிறது, என்ன செய்வது?

குன்னூர் டீச்சர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரிலிருந்து மாற்றலாகி ஜூன் மாதம் குன்னூருக்குக் குடிவந்தோம். வாடகை வீடு சாலையைவிட நல்ல உயரத்தில் இருக்கிறது. கீழே இரும்புக் கேட். அங்கிருந்து வீட்டுப் படி வரைக்கும் சிமெண்ட் போட்ட சரிவு. காரை ஏற்றி, முகம் மேலே பார்க்க அந்தச் சரிவிலேயேதான் நிறுத்த வேண்டும். வேறு இடம் இல்லை.

நான் 19 ஆண்டுகளாக கியர் வண்டி ஓட்டுகிறவள். இடது முழங்கால் வலி அதிகமானதால் இந்த ஆண்டுதான் ஆட்டோமேட்டிக் வாங்கினேன். சிவிடி வகை, அதாவது தனித்தனிக் கியர் இல்லாமல் பெல்ட்டில் வேகம் மாறுவது. முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி. விற்பனைக் கூடத்தில் சாவி கொடுத்த பையன், “பி, அதாவது பார்க்கிங், போட்டுவிட்டால் போதும் மேடம், வண்டி அசையாது” என்று சொன்னான். அதை நம்பி, சரிவில் ஏறியதும் பிரேக்கை மிதித்து, பி-க்குத் தள்ளி, எஞ்சினை அணைத்து, அதற்குப் பிறகு நினைவு வந்தால் கைபிரேக்கை இழுப்பேன்.

கால்பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்பக்கமாக ஒரு சாண் இறங்கி, “தொக்” என்று நிற்கும். காலையில் லிவரை பி-யிலிருந்து எடுக்கும்போது இறுகிப் பிடித்திருக்கும். இரண்டு கைகளாலும் இழுக்க வேண்டியிருக்கும். விடுபடும்போது அடியில் சுத்தியலால் அடித்ததுபோல ஒரு சத்தம் வரும், வண்டி முழுவதும் குலுங்கும்.

இதையெல்லாம் பழகிக்கொண்டேன். ஆனால் சென்ற வெள்ளிக்கிழமை நடந்ததைப் பழகிக்கொள்ள முடியாது. என் மாமியார் கேட்டைச் சாத்துவதற்காக வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் பி போட்டுக் காலை எடுத்தேன். வழக்கமான ஒரு சாணுக்குப் பதில் வண்டி இரண்டு அடி இறங்கிவிட்டது. அலறிக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். அத்தையின் புடவை முந்தானை பம்பரில் உரசியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

வண்டியில் குறையா? நான் செய்வதில் குறையா? சரிவில் ஆட்டோமேட்டிக் காரை நிறுத்துவதற்குச் சரியான வரிசை எது? தயவுசெய்து யாராவது முதலிலிருந்து சொல்லுங்கள்.

ஈரோடு வண்டிக்காரன் எழுதியது:

மேடம், நானும் நாலு வருடமாக பி மட்டும்தான் போடுகிறேன், ஒரு தொல்லையும் இல்லை. சொல்லப்போனால் கைபிரேக்தான் எனக்குத் தொல்லை கொடுத்தது. போன ஐப்பசி மழையில் 12 நாள் கைபிரேக் போட்டு வண்டியை விட்டுவிட்டு ஊருக்குப் போனேன். வந்து பார்த்தால் பின்சக்கரம் ஒட்டிக்கொண்டு சுற்றவே இல்லை. அன்றோடு கைபிரேக்கைத் தொடுவதை விட்டுவிட்டேன். உங்கள் வண்டியில் கியர்பாக்ஸ் கோளாறு இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

மேட்டுப்பாளையம் பட்டறை எழுதியது:

டீச்சர், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இனி வண்டி நிற்கும்வரை, எஞ்சின் அணையும்வரை, நீங்கள் இறங்கிக் கதவைச் சாத்தும்வரை, அந்தச் சரிவில் வண்டிக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. கேட்டை நீங்களே இறங்கி வந்து சாத்துங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

31 ஆண்டுகள் பட்டறை வைத்திருந்தேன். மலை ஏறும் வண்டிகளும் இறங்கும் வண்டிகளும் எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் பிரேக் வேலைதான் எனக்குப் பாதிச் சோறு போட்டது. ஈரோட்டுத் தம்பி சொல்வது அவர் ஊருக்குச் சரி. சமதரையில் பி போட்டால் அதன்மேல் எந்தப் பாரமும் இல்லை. டீச்சர் வாசல் அப்படி இல்லை.

பி போடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் வரிசை தானாகவே மனதில் நிற்கும். கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பக்கத்தில் பல் வெட்டிய ஒரு சக்கரம் இருக்கும். பி-க்குத் தள்ளியதும் கொக்கி போன்ற ஓர் இரும்புத் துண்டு இறங்கி, இரண்டு பல்லுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்ளும். பட்டறையில் பார்க்கிங் லாக் என்போம். கழற்றிக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், உள்ளங்கையில் அடங்கிவிடும். அவ்வளவுதான் பி. பிரேக் அல்ல, தாழ்ப்பாள். தாழ்ப்பாள் கதவை மூடிவைக்கும். மூடாத கதவின் பாரம் முழுவதையும் தாழ்ப்பாளே தாங்க வேண்டும் என்றால் அது எத்தனை நாளைக்கு?

நீங்கள் பி போடும் நேரத்தில் அந்தக் கொக்கி சரியாகப் பள்ளத்துக்கு நேராக வராமல் பல்லின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். காலை எடுத்ததும் வண்டி கொஞ்சம் உருண்டு, அடுத்த பள்ளம் வந்ததும் “தொக்” என்று விழும். உங்கள் ஒரு சாண் அதுதான். அப்படி விழுந்தபின் வண்டியின் முழுப் பாரமும் அந்தத் துண்டின்மேல் சாய்ந்து இரவெல்லாம் அழுத்துகிறது. காலையில் நீங்கள் இரண்டு கைகளால் இழுப்பது அந்த அழுத்தத்தோடு. சத்தம், அது பாரத்தோடு பிடுங்கிக்கொண்டு வரும் சத்தம்.

இன்னொன்று, கியர் வண்டிப் பழக்கம் இங்கே கைகொடுக்காது. கியர் வண்டியில் முதல் கியரில் போட்டு அணைத்தால் எஞ்சினே சக்கரத்தைப் பிடிக்கும். சாதாரண ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருப்பது எண்ணெய். எஞ்சின் அணைந்துவிட்டால் அந்த எண்ணெய் எதையும் பிடிக்காது. சிவிடியிலும் எஞ்சின் நின்றபின் பிடி இல்லை. அதனால் டி-யில், அதாவது முன்னே ஓட்டும் நிலையில், வைத்து அணைத்தால் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். சரிவில் ஏறி வண்டியை முழுவதுமாக நிறுத்துங்கள். கால்பிரேக்கை அழுத்தியபடியே லிவரை என்-க்கு, அதாவது நியூட்ரலுக்கு, கொண்டுவாருங்கள். கைபிரேக்கை நன்றாக, கடைசிப் பல் வரை இழுங்கள். இப்போது கால்பிரேக்கை மெல்ல, மிக மெல்ல விடுங்கள். வண்டி அரை அங்குலம் அசைந்து கைபிரேக்கின்மேல் உட்காரும். உட்கார்வது உங்கள் இடுப்பிலேயே தெரியும். உட்கார்ந்தபின் மறுபடி கால்பிரேக்கை மிதித்து, பி-க்குத் தள்ளி, எஞ்சினை அணையுங்கள். பாரம் கைபிரேக்கில் இருக்கிறது, கொக்கி சும்மா பள்ளத்தில் கிடக்கிறது. ஏதாவது ஒரு நாள் கைபிரேக் ஒயர் அறுந்தால்தான் அதற்கு வேலை.

இந்த வரிசையில் இன்னொரு நன்மை உண்டு, அதை நான் பெரிதாக நினைக்கிறேன். நியூட்ரலில் காலை விடும் அந்த 2 நொடியில் தினமும் கைபிரேக்கைச் சோதித்துவிடுகிறீர்கள். வண்டி சறுக்கினால் கால் பக்கத்திலேயே இருக்கிறது, மிதித்துக்கொள்ளலாம். பி போட்டபின் கைபிரேக்கை இழுத்தால் அது பிடித்திருக்கிறதா என்று ஆண்டு முழுவதும் தெரியாது. தெரியும்போது கொக்கி உடைந்திருக்கும்.

காலையில் எடுக்கும்போது தலைகீழ் வரிசை. பிரேக்கை மிதி, ஸ்டார்ட் செய், லிவரை பி-யிலிருந்து எடு, அதன்பிறகே கைபிரேக்கை இறக்கு. கைபிரேக்கை முதலில் இறக்கிவிட்டால் வண்டி மறுபடி கொக்கியின்மேல் போய்ச் சாய்ந்துவிடும்.

வெள்ளிக்கிழமை 2 அடி இறங்கியதற்குக் காரணம் லிவர் பி-க்கு முழுவதும் போகாததாகவோ, வண்டி அசைந்துகொண்டிருக்கும்போதே தள்ளியதாகவோ இருக்கலாம். அசையும் வண்டியில் அந்தக் கொக்கி பிடிக்காது, பல்மேல் கரகரவென்று தாவிக்கொண்டே போகும். மீட்டர் பலகையில் ‘பி’ எழுத்து தெரிகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் காலை எடுங்கள். இரண்டு மாதம் இப்படி அடி வாங்கியிருப்பதால் ஒருமுறை கியர்பாக்ஸையும் காட்டிவிடுவது நல்லது.

இரண்டு விவரம் சொல்லுங்கள். கைபிரேக்கை இழுத்தால் எத்தனை முறை ‘கடக்’ என்று சத்தம் வருகிறது? சரிவு எத்தனைக்கு எத்தனை?

கொடைக்கானல் டாக்ஸி எழுதியது:

பட்டறை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், படிக்கிற மற்றவர்களுக்காக. ஆட்டோமேட்டிக் என்று விற்கிற எல்லா வண்டியிலும் பி இருக்காது. 2014இல் மாருதி செலிரியோவில் வந்து பிறகு பல சிறிய கார்களுக்கும் பரவிய ஏஎம்டி வகை, உள்ளே சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை நம் காலுக்குப் பதில் ஒரு கருவி மிதிக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்), எம் (கையால் கியர் மாற்றுவது) மட்டும்தான்.

என்னுடையது அந்த வகை. வாங்கிய புதிதில் நியூட்ரலில் வைத்துக் கைபிரேக்கை மட்டும் இழுத்து இறங்கிவிடுவேன். ஒருநாள் ஏரிக்கரைப் பக்கம் பயணிகளை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ கைக்கு வருவதற்குள் கடைக்காரர் கத்தினார். வண்டி மெல்ல, ஒரு சத்தமும் இல்லாமல், பின்னால் போய்க்கொண்டிருந்தது. வெயிலில் கண்ணாடி பளபளத்தது மட்டும் நினைவிருக்கிறது. மண்மேட்டில் முட்டி நின்றது, பின்விளக்கு ஒன்று போனதோடு சரி.

இந்த வகையில் கியரிலேயே விட்டு அணைக்க வேண்டும். முகம் மேடு பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளம் பார்த்து நின்றால் ரிவர்ஸ். பிரேக்கை மிதித்து, கைபிரேக் போட்டு, கியரில் தள்ளி, பலகையில் ‘1’ அல்லது ‘ஆர்’ என்று வந்ததைப் பார்த்தபிறகு சாவியைத் திருப்புங்கள். என் வண்டியில் எஞ்சின் அணைந்ததும் கிளட்ச் பிடித்த நிலைக்கு வந்துவிடுகிறது, எஞ்சினே சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் கையேட்டில் இதற்கென்று ஒரு பக்கம் இருக்கும், அதையும் படித்துவிடுங்கள்.

குன்னூர் டீச்சர் எழுதியது:

பட்டறை ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மூன்று முறை படித்தேன், அத்தைக்கும் படித்துக் காட்டினேன்.

கேட்ட விவரம். கைபிரேக்கை இழுத்தால் 11 முறை சத்தம் வருகிறது. சரிவை அளப்பதற்குப் பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிக்கொண்டேன். 6 அடி மரச்சட்டத்தின் ஒரு முனையைச் சரிவில் வைத்து, மட்டம் வரும்வரை மறுமுனையைத் தூக்கி, அடியில் எவ்வளவு இடைவெளி என்று அளந்தேன். சரியாக ஒரு அடி. அதாவது 6 அடிக்கு 1 அடி.

இன்னும் இரண்டு கேள்விகள். கைபிரேக் மழையில் ஒட்டிக்கொள்ளும் என்று ஈரோட்டு நண்பர் சொன்னாரே, இங்கே மழை விட்டபாடில்லை. அடுத்தது, சக்கரத்தை ஒடித்து வைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், எந்தப் பக்கம்? மேலே பார்த்து நின்றால் எனக்கு வலப்பக்கம் கருங்கல் தடுப்புச் சுவர். இடப்பக்கம் பூச்செடிப் பாத்தி, அதைத் தாண்டினால் 5 அடி கீழே பக்கத்து வீட்டு முற்றம்.

மேட்டுப்பாளையம் பட்டறை எழுதியது:

ரசமட்டம் வைத்து அளந்தீர்களே டீச்சர், மனம் நிறைந்தது. பத்தில் ஒருவர்கூட அளக்க மாட்டார்கள், “கொஞ்சம் மேடுங்க” என்பார்கள்.

6-க்கு 1 என்றால் என்னவென்று சொல்கிறேன். கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறுகிற நம் மலை ரயில், மிகச் செங்குத்தான இடத்தில் 12-க்கு 1 ஏறுகிறது. அதற்கே வெறும் தண்டவாளமும் சக்கரமும் போதாது என்று, நடுவில் பல் வெட்டிய தண்டவாளம் போட்டு, எஞ்சினின் பல்சக்கரத்தை அதில் கோத்து ஏற்றுகிறார்கள். உங்கள் வாசல் அதைவிட இரண்டு மடங்கு செங்குத்து. 1,100 கிலோ எடையுள்ள கார் அந்தச் சரிவில் நின்றால், ஏறக்குறைய 180 கிலோ கீழ்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மூட்டை சிமெண்டும் ஒரு ஆளும் சேர்ந்து இராத்திரி முழுவதும் அந்த விரலளவு இரும்பைப் பிடித்துத் தொங்குவதுபோல. அதோடு, உருளும் வண்டியைக் கையால் பிடித்து நிறுத்தலாம் என்று யாரும் பின்னால் ஓடக் கூடாது என்பதற்கும் இந்தக் கணக்கு போதும்.

ஒரு சத்தம் ஒரு பல். 11 பல் அதிகம். புது வண்டியிலேயே ஒயர் கொஞ்சம் நீளும், அல்லது பின்பக்க ஷூ, அதாவது பிரேக் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் கட்டை, சரியாக உட்கார்ந்திருக்காது. உங்கள் வண்டிக்கு எத்தனை பல் இருக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும், அந்த அளவுக்கு இறுக்கித் தரச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. இறுக்கியபின் பின்சக்கரத்தைத் தூக்கி, கைபிரேக் இறங்கிய நிலையில் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று அவர்களைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

மழை விஷயம். தம்பி சொன்னது உண்மைதான். டிரம்மின் உள்ளே ஈரம் பட்டுத் துருப்பிடித்தால் ஷூ ஒட்டிக்கொள்ளும். ஆனால் அது நாள்கணக்கில் நிறுத்திவைத்தால். நீங்கள் தினமும் பள்ளிக்கு எடுக்கிறீர்கள், ஒட்டாது. விடுமுறைக்குத் திருப்பூர் போவதாக இருந்தால் அந்தச் சரிவிலேயே விட்டுப் போகாதீர்கள். தெரிந்தவர் வீட்டுச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, பி போட்டு, கைபிரேக்கை இறக்கிவிட்டுப் போங்கள். சரிவில் கைபிரேக் வேண்டாம் என்பதற்கு மழை ஒரு காரணமே இல்லை. ஒட்டினால் டிரம்மைத் தட்டி எடுத்துவிடலாம்.

சக்கரம் ஒடிப்பது. உங்கள் வண்டி உருண்டால் பின்பக்கமாகத்தான் உருளும். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்து வைத்தால், பின்னே போகும் வண்டியின் பின்பாகம் வலப்பக்கம் திரும்பிச் சுவரில் சாய்ந்து நின்றுவிடும். இடப்பக்கம் ஒடித்தால் பக்கத்து வீட்டு முற்றத்தில்தான் போய் நிற்கும். ஆகவே வலப்பக்கம், சுவரை ஒட்டி. கடைசி ஓரடி ஏறும்போதே ஒடித்துக்கொண்டு வாருங்கள். நின்ற இடத்தில் ஒடித்தால் டயர் தேயும்.

பொதுச் சாலையில் நிறுத்துபவர்களுக்கு, இடப்பக்கம் நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொண்டு: நடைபாதைக் கல் இருந்து, முகம் பள்ளம் பார்த்தால் இடப்பக்கம் ஒடித்து முன்டயரைக் கல்லில் சாய்க்க வேண்டும். முகம் மேடு பார்த்தால் வலப்பக்கம் ஒடித்து, மெல்லப் பின்னே விட்டு, முன்டயரின் பின்பகுதியைக் கல்லில் உட்காரவைக்க வேண்டும். கல் இல்லாத சாலையில் இரண்டுக்கும் இடப்பக்கம், உருண்டாலும் சாலை நடுவுக்கு வராமல் ஓரத்துக்குப் போகட்டும் என்று. ஆனால் இது புத்தகத்து விதி. மலைச் சாலையில் அந்த ஓரம் மண்சுவராக இருந்தால் சரி, ஆயிரம் அடிப் பள்ளமாக இருந்தால்? அங்கே எந்தப் பக்கம் ஒடிப்பது என்று யோசிக்கவே வேண்டாம், நிறுத்தாமல் போய்விடுங்கள். வளைவிலும் மேட்டின் உச்சியிலும் நிறுத்தவே கூடாது.

கடைசியாகக் கட்டை. தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். திருவாரூர்த் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்தபிறகும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தோரம் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். உங்களுக்கும் ஒன்று வேண்டும். ஆப்பு வடிவில் சீவிய வேப்பங்கட்டை போதும், ஒரு முழ நீளம், டயர் அகலம். பி போட்டு அணைத்து இறங்கியபின், பின்டயரின் பின்புறம், கீழ்ப்பக்கமாக, ஒட்டி வையுங்கள். அதில் ஒரு கயிறு கட்டுங்கள். காலையில் வண்டி ஒரு சாண் முன்னே நகர்ந்து நின்றபின் கயிற்றைப் பிடித்து இழுங்கள். டயருக்கும் கட்டைக்கும் நடுவே விரலை விடவே விடாதீர்கள், எங்கள் பட்டறைக்கே வந்த ஒரு பையனின் இரண்டு விரல் அப்படித்தான் போனது.

மலைப்பாதையில் கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அணை கொடுப்பவர்களுக்கும் ஒன்று. கிளம்பும்போது அந்தக் கல்லைத் திரும்ப ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில், யாரோ அணை வைத்து விட்டுப்போன கல்லில் இரவு மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு புதுமாப்பிள்ளை விழுந்தார். அந்த வண்டியை என் பட்டறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அதன் முன் ஃபோர்க்கை நிமிர்த்தும்போது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நம் வண்டி நிற்பதற்காக இன்னொருவர் விழுவதா?

கோத்தகிரி ஜீப் எழுதியது:

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. பக்கத்தில் இருக்கும் இரண்டாவது சின்ன லிவர் நியூட்ரலில் இருந்தால், பெரிய லிவரை பி-யில் போட்டாலும் சக்கரத்துக்குப் பூட்டு இல்லை. நடுவில் தொடர்பே அறுந்திருக்கும். தோட்டத்துச் சரிவில் நிறுத்தும்போது இரண்டையும் பாருங்கள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்குவதும் கூடாது. 2016 ஜூன் மாதம் ஹாலிவுட் நடிகர் ஆன்டன் யெல்சின் லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டுச் சரிவில் அப்படித்தான் இறந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கியர் நியூட்ரலில் இருந்தது, வண்டி பின்னே உருண்டு அவரைச் செங்கல் தூணோடும் வேலியோடும் நசுக்கிவிட்டது. வயது 27. அவருடைய வண்டி மாடலில் லிவர் ஒவ்வொரு முறையும் நடுவிலேயே திரும்பி வந்து நிற்கும், எந்த கியரில் இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. அதற்கு 2 மாதம் முன்புதான், ஏப்ரலில், உலகம் முழுவதும் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்திருந்தார்கள். டீச்சரின் வாசலைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வந்தது.

ஈரோடு வண்டிக்காரன் எழுதியது:

பட்டறை ஐயா, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். பொங்கலுக்கு ஏற்காடு போகிறோம், அறை எடுத்திருக்கும் இடத்தில் நிறுத்துமிடம் சரிவு. ஒரு சந்தேகம். என் வண்டியில் பின்பக்கமும் டிஸ்க் பிரேக். அதற்கும் இதே முறைதானா? வழியில் டயர் பஞ்சரானால் பி போட்டு ஜாக்கி வைக்கலாமா?

மேட்டுப்பாளையம் பட்டறை எழுதியது:

அதனால் என்ன தம்பி, நீங்கள் எழுதியதால்தான் மழை விஷயம் பேச முடிந்தது.

முறை அதேதான். பின்பக்கம் டிஸ்க் உள்ள வண்டியில் மட்டும் ஒரு கவனம். மலை இறங்கி வந்து சூட்டோடு நிறுத்தினால், டிஸ்க்கும் அதைக் கவ்வும் பேடும் ஆற ஆறச் சுருங்கும், பிடி தளரும். இறங்கியதும் ஓடிவிடாமல் பெட்டிகளை இறக்கி வையுங்கள். 10 நிமிடம் கழித்துக் கைபிரேக்கை இன்னும் ஒரு பல் இழுத்துவிட்டு உள்ளே போங்கள்.

ஜாக்கி விஷயத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் பி போட்டால் பூட்டப்படுவது முன்சக்கரங்கள் மட்டும், அதுவும் டிஃபரென்ஷியல் வழியாக, அதாவது இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி வழியாக. ஒரு முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பினால் அது ஒரு பக்கம் சுற்றும், தரையில் இருக்கும் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். பூட்டு பூட்டியபடியே இருக்க, வண்டி ஜாக்கியிலிருந்து உருண்டு விழும். கைபிரேக் பின்சக்கரங்களைப் பிடிப்பதால்தான் இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்கிறேன். சரிவில் ஜாக்கி வைக்கவே வேண்டாம். பஞ்சரான டயரோடு மெல்ல உருட்டி 100 அடியில் சமதரை கிடைத்தாலும் அங்கே போங்கள். டயர் போனால் போகட்டும்.

குன்னூர் டீச்சர் எழுதியது (9 நாள் கழித்து):

வணக்கம் ஐயா. சனிக்கிழமை ஊட்டியில் ஒரு பட்டறையில் கொடுத்துக் கைபிரேக்கை இறுக்கினேன். இப்போது 6 பல்லில் பிடிக்கிறது. கியர்பாக்ஸையும் பார்த்தார்கள், லாக் நன்றாக இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை லிவர் ஆர்-இலேயே நின்றிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அவசரத்தில் பலகையைப் பார்க்கவில்லை.

நியூட்ரலில் வைத்து, கைபிரேக் இழுத்து, காலை மெல்ல விடும்போது வண்டி ஒரு பெருமூச்சு விடுவதுபோல லேசாகப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. நீங்கள் சொன்னதுபோல இடுப்பில் தெரிகிறது. முதல் நாள் காலை லிவரை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தேன், வெண்ணெயில் கத்தி போவதுபோல வந்துவிட்டது. சத்தம் இல்லை. சத்தத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

வேப்பங்கட்டை கிடைக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் வெட்டிப் போட்டிருந்த சில்வர் ஓக் துண்டை அந்தக் கொத்தனாரே ஆப்பாகச் சீவிக் கொடுத்தார். மழையில் வழுக்காமல் இருக்க அடியில் பழைய டயர்த் துண்டை அறைந்திருக்கிறோம். கயிற்றின் மறுமுனையை ஓட்டுநர் பக்கக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிடுகிறேன், கட்டையை எடுக்காமல் கதவைத் திறக்க முடியாதபடி.

ஆனால் நீங்கள் வண்டி முன்னே நகர்ந்தபின் கட்டையை எடுக்கச் சொன்னீர்கள். நான் ஏறுவதற்கு முன்பே கயிற்றைக் கழற்ற வேண்டியிருக்கிறதே, கயிற்றை எங்கே மாட்டுவது சரி?

மேட்டுப்பாளையம் பட்டறை எழுதியது:

கயிற்றைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி, ஜன்னல் வழியாக உள்ளே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஏறுங்கள் டீச்சர். கட்டை அங்கேயே இருக்கட்டும். ஒரு சாண் முன்னே போய், கைபிரேக் போட்டு, பி-க்குத் தள்ளியபின் ஜன்னல் வழியாகவே இழுத்து மேலே எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கவே வேண்டாம். கயிறு 8 அடி இருக்கட்டும், பின்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளாதபடி கொஞ்சம் தடிமனான நூல்கயிறாகப் பாருங்கள்.